நுரைத்த கருங்கல்

சேசு மரி சூசை

ஈப்போ
14 ஜனவரி 2024

திரு. கேப்ரியல் அவர்களுக்கு,

அண்ணி ஹில்டா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நான் சுகம். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி நடக்கிறது. உங்கள் சர்க்கரையும் அப்படியே அடங்கி நடக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அண்ணனை அடக்கம் செய்தபின் நமக்குள் ஒரு வரிகூடப் போய் வரவில்லை. அன்று நீங்கள் வரவில்லை. ஏன் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. தொலைபேசியில் பேசலாம் என்றால், காதுக்கருவி போட்ட காதில் வைத்ததும் அது விசில் அடிக்கிறது. கடிதம் விசில் அடிப்பதில்லை.

விஷயம் இதுதான். பின்வாசலில் உங்கள் அண்ணன் தம் கையால் ஒட்டுக் கட்டி வளர்த்த பம்பளிமாஸ் மரத்துக்கு அடிமரம் அழுகும் நோய் வந்துவிட்டது. பதியம் போட்டால் இதன் சொந்த வேர்தான் விடும், அதற்கும் இதே நோய் வரும். உரமான வேருள்ள வேறு கன்றில் இதன் மொட்டுக் கண்ணை ஒட்டினால்தான் பிழைக்கும். நாற்றுப்பண்ணைக்காரன், "இதுக்கு ஏன் கஷ்டம், புதுக் கன்னு வாங்கிக்கலாமே," என்றான். மரத்துக்காக அழுகிற பெண் நான் இல்லை. என் பொறுப்பில் இருப்பதைச் சாகவிடுகிற பெண்ணும் இல்லை.

நானே கண் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். எல்லாம் கருகிவிட்டது. குறை கத்தியில். அதை நான் தீட்டியது பளிங்குக் கல்லில். அண்ணன் கல்லறைக்குப் பலகை அறுத்தபோது மீந்த நீளத் துண்டைக் கல் வேலைக்காரர் என்னிடமே கொடுத்திருந்தார். ஈப்போப் பளிங்கு, குறை சொல்ல முடியாத வழுவழுப்பு. கத்தி முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது, ஆனால் ஒரு தாளை வெட்டமாட்டேன் என்கிறது.

அண்ணனின் சாம்பல் நிறத் தீட்டுக்கல் உங்களிடம் இருக்கிறது. அதை அனுப்பிவையுங்கள். நம் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நூஹுவின் வண்டி வாரா வாரம் சுங்காயில் அவர் தம்பி கடைக்கு வருகிறதே, அதில் கொடுத்தால் போதும்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஹில்டா சவரிநாதன்

*

சுங்காய்
3 பிப்ரவரி 2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்குத் தோத்திரம்.

கேப்ரியல் நலம். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அண்ணி, பளிங்கில் தீட்டினால் எந்த ஜென்மத்திலும் கூர் வராது. ஒரு எலுமிச்சம்பழம் எடுங்கள். அந்தக் கல்லைக் கொஞ்சம் சுரண்டி, தூளின்மேல் ஒரு சொட்டு விடுங்கள். சோடா மாதிரி நுரைக்கும். நுரைத்தால் சுண்ணாம்புச் சாதி. உங்கள் ஈப்போ மலைகள் அத்தனையும் அந்தச் சாதிதான். பளிங்கும் அதேதான், பூமிக்குள் வெந்து இறுகியது, அவ்வளவே. எஃகைவிட மெத்து. நீங்கள் கத்தியைத் தீட்டவில்லை, கத்தியை வைத்துக் கல்லைத் தீட்டியிருக்கிறீர்கள்! எஃகைக் கடிக்கக் கல்லுக்குள் குவார்ட்ஸ் இருக்கவேண்டும். நம் ஆற்று மணலில் கண்ணாடி மாதிரி மின்னுமே, அது. அதற்கு எலுமிச்சம்பழம் நுரைக்காது.

அண்ணன் கல் என்னிடம் இருப்பது வாஸ்தவம். ஆனால் அது பழசு, நடுவே குழிந்துவிட்டது. உங்களுக்கு எதற்கு அது? நான் ஆற்றுக்குப் போய் நல்ல கல்லாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன். இன்றைக்குப் போய் முதல் கல் எடுத்தாயிற்று. மணற்கல். நூஹு வண்டியில் வருகிறது. தண்ணீர் ஊற்றித் தீட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் என்னையும் நினையுங்கள்.

உங்கள் கொழுந்தன்
கேப்ரியல்

*

சேசு மரி சூசை

ஈப்போ
20 பிப்ரவரி 2024

திரு. கேப்ரியல் அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நல்லது.

பளிங்கு நுரைத்தது. ஒப்புக்கொள்கிறேன். கான்வென்டில் பூகோளம் எடுத்த சிஸ்டர் ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கற்களை வைத்துக்கொண்டு வரிசையாக எங்கள் கையில் கொடுப்பார். தொட்டுவிட்டுக் கொடுத்தால் போதாது, என்ன பார்த்தாய் என்று சொல்லவேண்டும். அந்தப் பழக்கத்தில் உங்கள் மணற்கல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சீனியைப் பாகில் ஒட்டவைத்த மாதிரி மணி மணியாக இருக்கிறது. தேயத் தேய மேல்மணி உதிர்ந்து புதுமணி வெளியே வருகிறது, அதனால் வேகமாக வெட்டுகிறது. தேங்காய் உடைக்கிற பாராங் கத்திக்கு அது போதும். ஒட்டுக் கத்திக்கு ஆகாது. கத்தி வாய் ரம்பப் பல்லாகி, பட்டையை வெட்டாமல் கிழித்தது. கிழிந்த இடத்தில் கண் ஒட்டவில்லை. இன்னும் மூன்று போயிற்று.

கல்லை வாங்கப் போனபோது நூஹுவிடம், "கேப்ரியல் எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காரு லா அக்கா. கை நல்லா இருக்கு. வாய் அதைவிட நல்லா இருக்கு."

"கையையும் வாயையும் யாரு கேட்டா? ஆள் எப்படி?"

"தே தாரிக் ஆறுது அக்கா, முதல்ல குடிங்க. சீனி கம்மியாப் போட்டிருக்கேன்."

நான் சீனியைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த மனிதர் இதுவரை என்னிடம் கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருந்ததில்லை.

மரத்தில் இலை மஞ்சளாகிறது. அண்ணனின் கல்லை அனுப்புங்கள். குழியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஹில்டா சவரிநாதன்

*

சுங்காய்
16 மார்ச் 2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்குத் தோத்திரம்.

நான் நலம், நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். இந்த முறை மூன்று வார்த்தை எழுதிவிட்டேன்.

கோபிக்காதீர்கள். இப்போது இரண்டு கல் அனுப்புகிறேன். நேற்று மழை விட்டதும் ஆற்றில் முழங்கால் ஆழம் இறங்கித் துழாவினேன். கால் சில்லிட்டுப் போயிற்று. ஒன்று மினுமினுப்பான ஏட்டுக்கல், தகடு தகடாக இருக்கும். மினுங்குவது காக்காப்பொன். மற்றது கருங்கல், மலையிலிருந்து உருண்டு வந்தது. ஒன்றில் சரிப்படாவிட்டால் மற்றதில் சரிப்படும்.

நூஹு கடை தே தாரிக்கை அதிகம் குடிக்காதீர்கள். சீனி கம்மி என்பார், டின் பாலைக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. தாப்பாப் பக்கம் நல்ல மழை. பழைய தோட்டத்தில் ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய் எடுக்கிற செம்பனை.

உங்கள் கொழுந்தன்
கேப்ரியல்

*

சேசு மரி சூசை

ஈப்போ
27 மார்ச் 2024, புனித வாரம்

திரு. கேப்ரியல் அவர்களுக்கு,

புனித வாரத்தில் கோபப்படக்கூடாது. ஆகையால் மெதுவாக எழுதுகிறேன்.

ஏட்டுக்கல்: காக்காப்பொன் தகடுகள் கத்திக்கு அடியில் வழுக்குகின்றன. கத்தி எண்ணெயில் போவது போலப் போகிறது. சற்று அழுத்தினால் செதில் செதிலாகப் பெயர்கிறது. ஆகாது.

கருங்கல்: அதற்குள் மூன்று சாதி இருக்கிறது. கண்ணாடி மாதிரி ஒன்று, பால் நிறத்தில் ஒன்று, கறுப்புக் காக்காப்பொன் ஒன்று. ஒன்று கடினம், ஒன்று அதைவிட மெத்து, ஒன்று நகத்துக்கே உரிகிறது. மூன்றும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கல் மேடும் பள்ளமுமாகிறது, கத்தி மேட்டில் துள்ளி வாயில் கீறல் விழுகிறது. கெட்டியாக இருந்துவிட்டால் மட்டும் தீட்டுக்கல் ஆகிவிடாது, உள்ளே மணி ஒரே சீராக இருக்கவேண்டும். இது உங்களுக்குத் தெரியாதா? தோட்டத்து நாற்றுமேட்டில் அண்ணனோடு உட்கார்ந்து ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர் நீங்கள். தெரிந்தேதான் அனுப்பினீர்கள்.

இனி முக்கியமானது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எல்லாக் கல்லிலும் எலுமிச்சம்பழம் பிழிகிறேன். கருங்கல் நுரைக்கக்கூடாது. இது நுரைத்தது. எல்லாப் பக்கமும் இல்லை, ஒரு பக்கம் மட்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிமெண்டு. மூலைகளும் உடைத்த மூலைகள், ஆற்றில் உருண்ட மூலைகள் இல்லை. சுங்காய் ஆற்றில் எப்போதிலிருந்து சிமெண்டு விளைகிறது?

நீங்கள் ஆற்றுக்குப் போகவே இல்லை. முழங்கால் ஆழம், சில்லிட்ட கால் எல்லாம் கதை. எங்கேயோ இடிந்து கிடந்த படிக்கட்டிலிருந்து கைக்கு எட்டியதைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

கல்லைக் கொடுக்க மனமில்லை என்றால் அப்படியே எழுதலாம். கூடப் பிறந்த அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வர உங்கள் கால் நடக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுக்கும் நடக்கவில்லை. உங்கள் கால் எதற்குத்தான் நடக்கும் என்று தெரிந்தால் நல்லது.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்.

ஹில்டா சவரிநாதன்

*

சேசு மரி சூசை

ஈப்போ
28 ஏப்ரல் 2024

திரு. கேப்ரியல் அவர்களுக்கு,

நான் சுகம். உங்களிடமிருந்து பதில் இல்லை. நூஹுவைக் கேட்டால் வண்டி ரிப்பேர் என்கிறார். வண்டி கடை வாசலில் ஓடிக்கொண்டுதான் நிற்கிறது.

மரத்தில் ஒரு பக்கம் முழுவதும் காய்ந்துவிட்டது. காய்ந்ததை அறுத்து எடுத்து, வெட்டுவாயில் மருந்து பூசினேன். கிழக்குப் பக்கக் கிளை ஒன்றில்தான் உயிருள்ள கண் இருக்கிறது. கண்ணை ஒட்டுவதற்கான வேர்ச்செடிகள் மூன்று, தொட்டியில் தயாராக, பென்சில் பருமனுக்கு வந்துவிட்டன. அந்தக் கிளை இருக்கும்வரை நான் விடப்போவதில்லை. நீங்கள் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த மாதமும் எழுதுவேன்.

ஹில்டா

*

சுங்காய்
18 மே 2024

அண்ணிக்குத் தோத்திரம்.

நலம். அண்ணன் கல்லை இத்துடன் அனுப்பிவிட்டேன்.

அதைப் பற்றி அண்ணன் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். முன்பு ஈயம் தேடித் தோட்டப் பக்கம் வந்த ஆள் ஒருவர் அவருக்குச் சொன்னதாம். மலைக்கு அடியில் கருங்கல் குழம்பாகக் கொதித்து மேலே வந்தபோது, அதை ஒட்டிக் கிடந்த பழைய சேற்றுப் பாறை அந்தச் சூட்டில் வெந்துபோயிற்று. பச்சைச் செங்கலுக்கும் சூளையிலிருந்து எடுத்த செங்கலுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. சேற்றுக்குள் இருந்த குவார்ட்ஸ் கண்ணுக்குத் தெரியாத பொடி, எல்லாம் ஒரே அளவு. வேகாமல் இருந்தால் தண்ணீர் பட்டதும் களிமண்ணாகக் கரையும். அதிகமாக வெந்திருந்தால் கண்ணாடி மாதிரி ஆகி எதையும் கடிக்காது. இது சரியாக வெந்த கல். நிறையத் தண்ணீர் விடுங்கள். மேலே வரும் சாம்பல் நிறச் சாந்தைக் கழுவிவிடாதீர்கள், கூர் தருவது அதுதான்.

மரச்சட்டத்தில் இருக்கும் இரண்டு இரும்புக் கொக்கிகளைக் கழற்ற முடியவில்லை. துரு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கல் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மரம் பிழைக்கட்டும்.

கேப்ரியல்

*

சேசு மரி சூசை

ஈப்போ
26 மே 2024

கேப்ரியல் அவர்களுக்கு,

நான் சுகம். கல் பத்திரமாக வந்தது. எலுமிச்சம்பழத்துக்கு நுரைக்கவில்லை. கத்தியைப் பத்துத் தடவை இழுப்பதற்குள் சாந்து கறுத்தது. கறுப்பு எஃகினுடையது, கல்லினுடையது இல்லை. முன்கை முடியில் வைத்தேன், சிரைத்தது. இத்தனை மாதம் இதற்காகத்தான் எழுதினேன்.

ஆனால் கண் எடுக்கும்போது என் கை நடுங்குகிறது. கூர் குறைந்த கத்தி இருந்தவரை கத்திமேல் பழி போட்டேன். இப்போது போட முடியாது. கத்தி நேராகப் போகிறது, கைதான் கோணுகிறது. ஒரு கண் வீணாயிற்று. மேற்கொண்டு தொடவில்லை. கிளையில் கண்கள் எண்ணிச் சில இருக்கின்றன.

இரண்டு கேள்விகள். கல்லின் நடுக்குழி அண்ணனுடைய ஒட்டுக் கத்தி போட்டது, அது எனக்குத் தெரியும். ஓரத்தில் வளைவாகப் புதிதாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் துளைகளில் எஃகுக் கறுப்பு ஈரம் காயாமல் இருந்தது. அனுப்பிய நாள்வரை யாரோ வளைந்த அரிவாள்களை இதில் தீட்டியிருக்கிறார்கள். யார்?

இரண்டாவது, அந்தக் கொக்கிகள் எதில் மாட்டுவதற்கு?

ஹில்டா

*

சுங்காய்
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்குத் தோத்திரம்.

நலம். கத்தி கூராயிற்று என்றதில் சந்தோஷம்.

செம்பனைக் குலை வெட்டுகிற இந்தோனேசியாக்காரர்கள் சிலருக்குப் பொழுதுபோக்காகச் சாபிட் தீட்டிக் கொடுப்பேன். பதினெட்டு முழக் கம்பில் கட்டி மேலே வெட்டுகிற அரிவாள், அது மழுங்கினால் ஆளின் தோள் போய்விடும். இப்போது வேறு கல் வைத்திருக்கிறேன். நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

கொக்கி மேசை ஓரத்தில் மாட்ட.

கேப்ரியல்

*

சேசு மரி சூசை

ஈப்போ
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பி கேப்ரியலுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை இனி உன்னிடம் கேட்கப்போவதில்லை, நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கொக்கியை வீட்டிலுள்ள எல்லா மேசையிலும் மாட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை, தையல் மேசை, அண்ணனின் எழுத்து மேசை. எதிலும் உட்காரவில்லை. மேசைப் பலகைக்கு மாட்டுகிற கொக்கி தட்டையாக இருக்கும். இது உருண்டைக் குழாய்க்கு வளைத்த கொக்கி. சரி, அறுத்து எடுத்துவிடலாம் என்று கல்லைப் பையில் போட்டுக்கொண்டு இரும்புப் பட்டறைக்குக் கிளம்பினேன். வழியில் இரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்கில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் காலியாக ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதன் கைப்பிடிக் குழாயைப் பார்த்தேன். பையிலிருந்து கல்லை எடுத்து மாட்டினேன். உறைக்குள் கத்தி போவது போலப் போய் உட்கார்ந்தது. நர்ஸ், "ஆன்ட்டி, என்ன செய்றீங்க?" என்றாள். கழற்றிக்கொண்டு எழுந்தேன். அழுத்தம் பார்க்கவில்லை. அப்போது பார்த்திருந்தால் என்னைப் படுக்கையில் போட்டிருப்பார்கள்.

நேராக நூஹு கடைக்குப் போனேன். கல்லாவுக்கு முன்னால் நின்றேன்.

"நூஹு, கேப்ரியலுக்கு எந்தக் கால்?"

அவர் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டார். "இடது கால் அக்கா. முட்டிக்கு மேல. சர்க்கரைப் புண்ணு."

"எப்ப?"

"அதைக் கேக்காதீங்க அக்கா."

"கேட்டாச்சு. சொல்லுங்க."

"சவரி அண்ணனை அடக்கம் பண்ணோமே, அன்னிக்குத்தான். நீங்க இங்க குழிக்குப் பக்கத்துல நின்னீங்க. அவரு அங்க ஆஸ்பத்திரில. முழிச்சதும் முதல்ல எனக்குப் போன் போட்டு, அண்ணிக்கு ஒரே நாள்ல ரெண்டு துக்கம் வேணாம், அப்புறமா நானே சொல்லிக்கிறேன்னாரு. அப்புறம் அப்புறம்னு நாள் ஓடிருச்சு. நாள் ஓடுனா சொல்றதுக்கு வெக்கமா ஆயிருதுல்ல?"

"இப்ப என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு? நாற்காலில உக்காந்து சாபிட் தீட்டுனாரு. காலையில வெட்டுக்காரனுங்க வாசல்ல கூட்டமா நிப்பானுங்க. அந்தச் சம்பாத்தியத்துலதான் மருந்து, சோறு எல்லாம். கல்லு உங்களுக்கு வந்த பிறகு சும்மா உக்காந்திருக்காரு லா. நான் ஏதாச்சும் கொடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு. அண்ணிகிட்ட போனது அண்ணிகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு."

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நூஹுவை நீ திட்டவேண்டாம். திட்டவேண்டியதை நான் திட்டிவிட்டேன். சொன்னதற்காக இல்லை, இத்தனை நாள் சொல்லாததற்காக.

இனி நடக்கப்போவதைக் கேட்டுக்கொள்.

வரும் சனிக்கிழமை நூஹு வண்டியில் வருகிறேன். கல் உன் நாற்காலிக்குத் திரும்பி வருகிறது. அந்த ஒட்டுக் கத்தியும் வருகிறது. மூன்று வேர்ச்செடிகள் தொட்டியோடு வருகின்றன. கிழக்குக் கிளையை அன்று விடியற்காலையில் அறுத்து, ஈரத் துணியில் சுற்றி, வாழைமட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன். வழியில் காம்பாரில் இறங்கி நூஹு யாரையோ பார்க்கவேண்டுமாம். பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன், கண் காய்ந்துவிடும். ஒட்டுவது நீ. என் கை நடுங்குகிறது, உன் கை நடுங்காது என்று நூஹு சொல்கிறார். கிளை ஒன்றுதான் இருக்கிறது. நீ ஒட்டினால் மரம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அந்தப் பளிங்குத் துண்டும் வருகிறது. கத்திக்கு உதவாததை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கேட்பாய். உன் வாசற்படி ஒரு சாண் உயரம், நாற்காலி இறங்கவேண்டுமானால் இரண்டு ஆள் தூக்கவேண்டும் என்று நூஹு சொன்னார். கல் வேலைக்காரரிடம் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிட்டேன், சக்கரத்துக்கு ஒன்று. வழுவழுப்பான பக்கம் கீழே, மெருகிடாத சொரசொரப்பான பக்கம் மேலே. மாற்றிப் பதித்தால் மழையில் வழுக்கும். நூஹுவின் தம்பி சிமெண்டோடு தயாராக இருக்கட்டும்.

உன்னை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

மார்ச் மாதம் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

கதவைத் தாழ் போடாமல் வை. நான் தட்டமாட்டேன். நீ எழுந்து வரவேண்டியதில்லை.

அண்ணி

*

சுங்காய்
7 செப்டம்பர் 2024

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்குத் தோத்திரம்.

சர்க்கரை ஏழுக்குள் நிற்கிறது. வெட்டுக்காயம் இல்லை. வலது காலை நீங்கள் காட்டிய மாதிரி தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். சுகத்தை விவரமாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

மூன்று ஒட்டில் ஒன்று கறுத்துவிட்டது. ஒன்று வாடியும் வாடாமலும் கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டுப் போன வாரம் போயிற்று. மூன்றாவது பச்சை. ஒட்டைச் சுற்றிக் கட்டிய நாடாவை அவிழ்த்தபோது கண்ணைச் சுற்றிக் கோடு தெரியாமல் பட்டை சேர்ந்திருந்தது. மேலே வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டேன். இப்போது அண்ணன் மரத்தின் இலை நான்கு விட்டிருக்கிறது. கசக்கி முகர்ந்து பார்த்தேன், அதே வாசம். உங்களுக்கு ஒன்று அனுப்பலாம் என்று பார்த்தேன். நான்குதான் இருக்கிறது, மனது வரவில்லை.

அங்கே பின்வாசலில் அண்ணனின் மரம் விழுந்துவிட்டதாக நூஹு சொன்னார். நீங்கள் எழுதவில்லை. சரி.

காலையில் வெட்டுக்காரர்கள் வருகிறார்கள். அன்று வாசலில் நின்றவர்களை வரிசையாக நிற்கச் சொல்லிவிட்டுப் போனீர்களே, இன்றைக்கும் வரிசையாகத்தான் நிற்கிறார்கள். "சிக்கு" எப்போது வருவார் என்று மலாயில் விசாரிக்கிறார்கள். நீங்கள் வாத்தியாரம்மா என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், நானும் திருத்தவில்லை. நீங்கள் வந்த அன்று என் காலைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக் குறை சொன்னீர்கள். ஒழுகுகிற குழாய், கரி பிடித்த சட்டி, கொசுவலையில் ஓட்டை. குழாயைச் சரி செய்துவிட்டேன். சட்டி அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் கடிதத்தை எரிக்கவில்லை அண்ணி. கருங்கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட நன்றாக யாரும் எழுத முடியாது. அந்தக் கல் பழைய தோட்ட ஆபீஸ் படிக்கட்டில் உடைந்தது, வெட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற கற்களும் அவர்கள் பொறுக்கி வந்தவைதான். சிமெண்டைச் சுரண்டிவிட்டுத்தான் அனுப்பினேன். எலுமிச்சம்பழத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டேன்.

பளிங்குச் சரிவு உறுதியாக இருக்கிறது. சொரசொரப்பு மேலே, நீங்கள் சொன்னபடி. வெட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் தினமும் ஒருமுறை தனியாக இறங்கி, தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறேன். இந்தச் சக்கரத்துக்குக் கீழே அண்ணன் கல், அந்தச் சக்கரத்துக்குக் கீழேயும் அண்ணன் கல். இறங்கும்போது வாய் தானாக அவர் பெயரைச் சொல்லிவிடுகிறது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். நூஹு வண்டியில் நாற்காலியை மடித்துப் போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம். கன்றைப் பின்னால் வைத்தால் குலுங்கும், மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். முதலில் கல்லறைக்கு. நட்டு வைப்பது அதற்குப் பிறகு.

சர்க்கரைக்கு நல்லதென்று காலை ஆகாரத்துக்கு ஓட்ஸ் மட்டும் வைக்கவேண்டாம் அண்ணி.

உங்கள் கொழுந்தன்
கேப்ரியல்